கொள்ளைநோய் முடிந்தால் கூலி ஏறுமா? 1351 இங்கிலாந்து சட்டமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும்

2020 மே மாதம். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் குறைந்து, நடந்து போகிறவர்கள் அதிகமாகியிருந்தார்கள். தோளில் பை, தலையில் மூட்டை, சிலரிடம் பழைய சைக்கிள். செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச்சாவடி, அதைத் தாண்டினால் ஆந்திரா. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று அவர்கள் போக வேண்டிய ஊர்கள் எல்லாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் பெரும்பாலும் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. லாக்டவுன் தளர்ந்து ஆலையைத் திறக்கலாம் என்று அனுமதி வந்தபோது, உலைக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை.

ஆள் கிடைக்கவில்லை என்றால் கூலி ஏற வேண்டும். சந்தைக் கணக்கு அதுதான். இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. 14-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் புரட்டிப்போட்ட கொள்ளைநோய்க்குப் பிறகு ஏழை உழைப்பாளியின் கை ஓங்கியது என்பார்கள். கொரோனா நேரத்தில் இந்தக் கதை சமூக வலைதளங்களில் நன்றாகவே சுற்றியது.

கதை உண்மைதான். ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது.

எலி, கப்பல், போர்

1347-ம் ஆண்டு அக்டோபரில் கருங்கடல் பக்கமிருந்து வந்த வணிகக் கப்பல்கள் இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா துறைமுகத்துக்கு வந்தன. கூடவே பிளேக்கும் வந்து இறங்கியது. அதற்கு முந்தைய வருஷம் கிரிமியாவில் கஃபா என்ற கோட்டை நகரத்தை மங்கோலியப் படை முற்றுகையிட்டிருந்தது. அந்தப் படைக்குள் நோய் பரவ, பிணங்களைக் கவண் எந்திரத்தில் வைத்து நகரத்துக்குள் வீசினார்கள் என்று அக்கால இத்தாலியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அப்படி நடந்திருக்குமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. போரும் வணிகமும் போகும் பாதையில்தான் நோயும் போனது என்பதில் சந்தேகமில்லை.

1348 கோடையில் இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே பிரான்ஸுடன் போர் நடந்துகொண்டிருந்தது. 1337-ல் தொடங்கி, விட்டு விட்டு 1453 வரை நீடித்த அந்தச் சண்டையைத்தான் நூறாண்டுப் போர் என்கிறோம். பிளேக் வந்த ஓரிரு ஆண்டுகளில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை செத்துப்போனது என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு.

இந்த எண்ணிக்கை எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் ஒரு குடியானவர் இறந்தால், அவர் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பண்ணையாருக்குக் கொடுக்க வேண்டும். அது ஒரு வகை வரி. அதை வசூலிக்கப் பண்ணைக் கணக்கர்கள் யார் யார் இறந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் பல இன்னும் இருக்கின்றன.

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்கப்பட்டது. அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது.

கூலி ஏறக் கூடாது என்று ஒரு சட்டம்

இங்கிலாந்தில் அறுவடைக்கு ஆள் இல்லை. இருந்தவர்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் பக்கத்துப் பண்ணைக்குப் போனார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை.

பிளேக் இன்னும் அடங்காத 1349 ஜூன் மாதத்திலேயே அரசர் மூன்றாம் எட்வர்டு ஒரு அவசர ஆணை போட்டார். 1351-ல் அது நாடாளுமன்றச் சட்டமானது. சாராம்சம் இது: கொள்ளைநோய்க்கு முன்பு, 1346 வாக்கில் என்ன கூலியோ அதுதான் இனியும் கூலி. அதிகம் கேட்பதும் குற்றம், அதிகம் கொடுப்பதும் குற்றம். உடல் தெம்புள்ள, 60 வயதுக்கு உட்பட்ட, சொந்தப் பிழைப்பு இல்லாத யாரும் கூப்பிட்ட வேலைக்குப் போயே ஆக வேண்டும். புல் உலர்த்துகிறவருக்கு நாளுக்கு ஒரு பென்னி என்று வேலைவாரியாகக் கூலி எழுதப்பட்டது. மீறினால் கால்களை மரக்கட்டையில் பூட்டி ஊர் நடுவே உட்கார வைப்பார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அன்றைய தொழிலாளி தினக்கூலியாகப் போகத்தான் விரும்பினார். இன்று இங்கே வேலை, நாளைக்கு அதிகம் தருகிறவரிடம் வேலை. பண்ணையாரோ அவரை வருஷக் கணக்கில் கட்டிப்போட விரும்பினார். சட்டமும் வருஷ ஒப்பந்தத்தையே வலியுறுத்தியது. இன்றைய சிப்காட்டில் இது அப்படியே தலைகீழ். நிரந்தரம் வேண்டும் என்று தொழிலாளி கேட்கிறார். காண்ட்ராக்ட்டில்தான் எடுப்போம் என்கிறது நிர்வாகம். ஆள் தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் தினக்கூலி என்பது சுதந்திரம், ஆள் மிகுதியாக இருக்கும் இடத்தில் அதே தினக்கூலி பயம்.

1351 சட்டம் கூலியைத் தொட்டதைவிட, நடமாட்டத்தைத் தொட்டதுதான் முக்கியம். வேலையை விட்டு எழுந்து போக முடியாதவருக்குக் கூலி பேச வாயில்லை என்பது அன்றைய நில உடைமையாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ரயிலை நிறுத்திய மே 5

670 வருஷம் தாண்டி மறுபடியும் 2020 மே மாதத்துக்கு வருவோம். மே 1-ம் தேதி முதல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. மே 5 அன்று கர்நாடக முதல்வராக இருந்த எடியூரப்பாவைக் கட்டுமான நிறுவனத்தினர் சந்தித்தார்கள். அன்றே, தொழிலாளர்களுக்கான ரயில்கள் வேண்டாம் என்று அம்மாநில அரசு ரயில்வேக்குக் கடிதம் எழுதியது. கட்டடப் பணிகள் மீண்டும் தொடங்குவதற்கு ஆள் தேவை என்பதுதான் காரணம். நாடு முழுக்கக் கண்டனம் எழ, ஓரிரு நாளில் முடிவு மாறியது.

அதே வாரம் உத்தரப்பிரதேச அமைச்சரவை, பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை 3 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அங்கே 12 மணி நேர ஷிப்டுக்காகத் தனியாக வந்த அறிவிப்பாணை, வழக்கு நீதிமன்றம் போனதும் ஒரு வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது.

தொழிலாளிக்குச் சாதகமாகவும் ஒரு உத்தரவு இருந்தது. லாக்டவுன் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை சொன்னது. சிறு ஆலை முதலாளிகள் உற்பத்தியே இல்லாமல் எங்கிருந்து கொடுப்பது என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் அரசு தன் கையிலிருந்து எதுவும் போடவில்லை. சுமார் 50 நாளில், மே 18-ல் அந்த உத்தரவு முடிவுக்கு வந்தது.

குஜராத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஏப்ரல் 17 அன்று அந்த மாநில அரசு ஒரு அறிவிப்பாணை வெளியிட்டது. நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம், வழக்கமான கணக்கே போதும். இதற்கு அரசு கையில் எடுத்தது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 5-வது பிரிவு. பொது அவசரநிலையில் ஆலைகளுக்கு விலக்கு தரலாம் என்கிறது அந்தப் பிரிவு.

பொது அவசரநிலை என்றால் என்ன? போர், வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் கலவரம் இவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வருவது. சட்டம் சொல்லும் விளக்கம் இதுதான். அப்போ கொள்ளைநோய் என்பது போரா?

இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2020 அக்டோபர் 1 அன்று குஜராத் அறிவிப்பாணைகளை ரத்து செய்தது. தொற்று எவ்வளவு பெரிய நெருக்கடியாக இருந்தாலும், நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் போருக்கு அது சமம் ஆகாது, அதன் சுமையைத் தொழிலாளி மேல் மட்டும் ஏற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதுவரை வேலை செய்தவர்களுக்கு உரிய ஓவர்டைம் சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. கொரோனாவை எதிர்த்துப் போர் என்று தலைவர்கள் மேடைதோறும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

தமிழ்நாடும் இதில் விதிவிலக்கு இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. திமுகவின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இந்த மூன்று நாள் விஷயத்தில் தொழிற்சங்கங்களின் பங்கு என்ன என்பதை யாரும் மறைக்க முடியாது.

1381: வரி கேட்டு வந்தவர்களை விரட்டிய ஊர்

இங்கிலாந்தில் கூலிச் சட்டம் வேலை செய்ததா? ஆரம்பத்தில் ஓரளவு செய்தது. எசெக்ஸ் பகுதியில் மட்டும் ஆயிரக்கணக்கானோருக்கு அபராதம் விழுந்தது. ஆனால் ஆள் வேண்டிய பண்ணையார்களே திருட்டுத்தனமாக அதிகம் கொடுத்தார்கள். பணமாகக் கொடுத்தால்தானே குற்றம்? சாப்பாடு, துணி, தானியம் என்று கொடுத்தார்கள். 1363-ல், சாதாரண ஆட்கள் தங்கள் தகுதிக்கு மீறி உடுத்தக் கூடாது என்றே ஒரு சட்டம் வந்தது. வேலைக்காரர் நல்ல துணி கட்டிவிட்டார் என்பது அன்றைக்கு நாடாளுமன்றப் பிரச்சினை.

போர்ச் செலவு கூடிக்கொண்டே போனது. 1377-ல் தலைக்கு 4 பென்ஸ் வரி. 1380-ல் அது 12 பென்ஸ் ஆனது. 1381 மே கடைசியில் எசெக்ஸில் பிரெண்ட்வுட் என்ற ஊருக்கு வரி விசாரணைக்கு வந்த அதிகாரியை மக்கள் விரட்டினார்கள். இரண்டே வாரத்தில் வாட் டைலர் தலைமையில் கூட்டம் லண்டனுக்குள் நுழைந்தது. 14 வயதான அரசர் இரண்டாம் ரிச்சர்டு நேரில் வந்து பேசினார், பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக வாக்கு கொடுத்தார். மறுநாள் பேச்சுவார்த்தையின்போதே வாட் டைலர் கொல்லப்பட்டார். கொடுத்த வாக்கை அரசர் பிறகு வாபஸ் வாங்கினார்.

கிளர்ச்சி தோற்றது. அந்தத் தலைவரியை மறுபடி விதிக்க மட்டும் நீண்ட காலம் யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த நூறு வருஷத்தில் பண்ணையடிமை முறை சட்டம் போடாமலேயே தேய்ந்தது. 15-ம் நூற்றாண்டின் நடுவில், ஒரு தொழிலாளியின் கூலிக்கு வாங்கக் கிடைத்த பொருள் பிளேக்குக்கு முன்பு இருந்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அறுவடைக் கூலிகளின் தட்டில் பார்லி ரொட்டி குறைந்து இறைச்சி கூடியதை நார்ஃபோக் பண்ணைக் கணக்குகள் காட்டுகின்றன.

சமூக வலைதளக் கதை விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கு. இந்த ஏற்றம் பிளேக் முடிந்த கையோடு வரவில்லை. விலைவாசியும் சேர்ந்து ஏறியதால், உண்மையான வருமானம் கூடுவதற்குச் சுமார் 25 வருஷம் ஆனது. நோயில் தப்பிப் பிழைத்தவர்களில் பலர் அதைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே பிளேக் தாக்கிய அதே கண்டத்தின் கிழக்குப் பகுதியில் எதிர்மாறாக நடந்தது. போலந்தில் 1496-ல் குடியானவர்கள் ஊரை விட்டுப் போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. ரஷ்யாவில் 1497-ல் ஆண்டுக்கு இரண்டு வாரம்தான் இடம் மாறலாம் என்றார்கள், 1649-ல் அதையும் மூடிவிட்டார்கள். அங்கே நகரங்கள் பலவீனம், பிரபுக்கள் பலம். ஓடிப் போனாலும் சேர இடமில்லை.

பழவேற்காட்டில் நடந்த கணக்கு வேறு

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் சொந்தமாகவே ஒரு வரலாறு இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்ப்பது அங்குள்ள டச்சுக் கல்லறைகளை. துணி வாங்கத்தான் டச்சுக்காரர்கள் வந்தார்கள். கூடவே ஆட்களையும் வாங்கினார்கள்.

1622-23 பஞ்சத்தில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கையில் இன்னும் பணம் இருந்திருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகளே எழுதினார்கள். 1659-61-ல் பீஜப்பூர் படைகள் தஞ்சாவூர்ப் பகுதியைச் சூறையாடியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு உள்ளிட்ட இடங்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் இலங்கைக்குப் போனார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? பிளேக் ஆட்களைக் கொன்றது, வயலையும் தானியத்தையும் மாட்டையும் அப்படியே விட்டது. பிழைத்த ஒவ்வொருவருக்கும் பங்கு கூடியது. பஞ்சமும் போரும் முதலில் தானியத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆள் மிஞ்சுகிறார், சோறு மிஞ்சவில்லை. அப்போது மனிதனின் விலை சரிகிறது.

1876-78 பஞ்சத்திலும் சென்னை மாகாணம் இதைப் பார்த்தது. நிவாரணப் பணியில் மண் வெட்டும் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம், கூட ஒரு அணா போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அது உயிர் வாழவே பத்தாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பழவேற்காடு, எண்ணூர் வழியாகப் போகும் பக்கிங்காம் கால்வாயில் சென்னை நகருக்குள் இருக்கும் இணைப்புப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரணத் தொழிலாளர்கள் வெட்டியதுதான்.

கொரோனா இந்த இரண்டு வகையிலும் சேராது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்றது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டாலும் மக்கள் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கிலாந்தில் போனது குறைந்தபட்சம் 33 பங்கு. கும்மிடிப்பூண்டியில் ஆள் இல்லாமல் போனது, ஆள் இறந்ததால் அல்ல. ஊருக்குப் போனதால்.

போனவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று அரசே கணக்குச் சொன்னது. சிறப்பு ரயில்களில் மட்டும் 63 லட்சம் பேர். ஆனால் ஊரில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. சில மாதங்களில் தென்னிந்திய நகரங்களின் கட்டுமான நிறுவனங்கள் சில, விமான டிக்கெட் போட்டுக்கூட ஆட்களைத் திரும்ப அழைத்தன. அந்தக் கொஞ்ச நாள்தான் தொழிலாளியின் கையில் பேரம் இருந்தது. பிறகு ரயில்கள் வழக்கம்போல ஓட, மேஸ்திரிகள் வழக்கம்போல ஆள் பிடிக்க, பேரமும் போனது.

100 வருஷத்துக்கு முன் பெரம்பூரில்

பக்கத்திலேயே வேறு மாதிரி முடிந்த கதையும் உண்டு. 1918-ல் முதல் உலகப் போரின் கடைசி வருஷம். விலைவாசி எகிறியது, செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன, கூடவே இன்ஃப்ளூயன்ஸா. அந்த வருஷம் ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிற்சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது இதுதான்.

ஆலை நிர்வாகம் கதவடைப்பு செய்தது. சங்கத் தலைவர்கள் மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதே நஷ்டஈடு கேட்கும் அளவுக்குக் குற்றமானது. 1921 வேலைநிறுத்தத்தில் சாதி புகுந்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல், புளியந்தோப்பில் கலவரம். அந்த வேலைநிறுத்தம் தோற்றது.

ஆனால் சங்கம் வைத்ததற்கே வழக்குப் போட முடியும் என்ற நிலைக்கு எதிராக எழுந்த குரல்தான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. பெரம்பூர்த் தொழிலாளி ஆலைக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு குடியிருந்தார். ஒரே தெரு, ஒரே மொழி, மாலையில் கூட்டம் போட ஒரு மைதானம். கும்மிடிப்பூண்டி ஷெட்டில் தங்கியிருப்பவருக்கு இதில் எது இருக்கு?

போர் கொண்டுவந்து விட்டவர்கள்

கும்மிடிப்பூண்டியில் இன்னொரு கூட்டமும் வாழ்கிறது. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள். மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று இங்கேதான். 2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடு கட்டவும் உதவித்தொகைக்கும் சேர்த்து 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது.

முகாம் ஆண்களில் பலர் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள். தணிக்கை நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். வெளியூரில் நாள் கணக்கில் தங்குவது என்றால் அனுமதி வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே கல்லூரி முடித்தவர்களும் இந்தியக் குடிமக்கள் அல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. நல்ல கூலி கிடைக்கும் ஊரைத் தேடிப் போகிற வாய்ப்பு சட்டப்படியே சுருங்கியவர்கள் இவர்கள்.

சிப்காட்டின் பீகார் தொழிலாளிக்கு அந்தத் தடை கிடையாது. எந்த மாநிலத்துக்கும் போகலாம். ஆனால் அவரது ஓட்டு ஊரில், ரேஷன் கார்டில் இருக்கும் குடும்பமும் ஊரில், அவரைப் பற்றித் தமிழ்நாட்டில் யாராவது பேச வேண்டும் என்றால் ஏதாவது நடந்தால்தான் உண்டு.

உள்ளூர் இளைஞர்களின் கோபமும் தனியாக இருக்கிறது. நிலம் எங்களுடையது, வேலை வெளியாட்களுக்கா என்ற கேள்வி இந்தப் பகுதியில் புதிது இல்லை. ஷெட்டிலேயே தங்கி 12 மணி நேரம் நிற்கக் கிடைப்பவரைத்தான் ஆலைகள் விரும்புகின்றன என்பது தொழிற்சங்கங்களின் நீண்ட நாள் புகார். புகாரின் இலக்கு நிர்வாகமாக இருக்க வேண்டும். பல நேரம் அது ஷெட்டில் தூங்குபவர் மேல் திரும்பிவிடுகிறது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, தகவல் பொய் என்று உறுதியானது. வதந்திக்கும் பழைய வேர் இருக்கிறது. பிளேக் காலத்தில் யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று புரளி கிளம்பி, 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கானோர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நோய் அந்த ஊருக்கு அப்போது வந்தே சேரவில்லை.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2020 செப்டம்பரில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த நாடாளுமன்றத்தில் 3 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. ஏற்கெனவே நிறைவேறியிருந்த ஊதியத் தொகுப்பையும் சேர்த்து 4 தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது.

புலம்பெயர் தொழிலாளிக்கு இதில் கிடைப்பது: காண்ட்ராக்டர் மூலம் வராமல் தானே வேலை தேடி வந்தவரும், மாதம் 18,000 ரூபாய் வரை வாங்குபவராக இருந்தால், இனி புலம்பெயர் தொழிலாளி என்ற விளக்கத்துக்குள் வருவார். ஊருக்குப் போய்வர வருஷத்துக்கு ஒரு முறை பயணப்படி உண்டு.

போவது: 1979 சட்டம் 5 பேர் இருந்தாலே பொருந்தியது, இனி 10 பேர் வேண்டும். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசு அனுமதி தேவை என்ற கட்டுப்பாடு 100 பேருக்கு மேல் என்பதிலிருந்து 300-க்கு உயர்ந்துவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு எந்தத் தொழிலாக இருந்தாலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

14 நாள் நோட்டீஸ் கொடுக்க ஒரு சங்கம் வேண்டும், கோரிக்கையை எழுத ஒருவர் வேண்டும். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில், விடுதியில் தவறி விழுந்து உத்தரப்பிரதேசத் தொழிலாளி ஒருவர் இறந்தார். இழப்பீடு கேட்டு நூற்றுக்கணக்கான வடமாநிலத் தொழிலாளர்கள் திரண்டார்கள். நோட்டீஸும் இல்லை, தலைவரும் இல்லை. போலீசார் மீது கல்வீச்சு, பதிலுக்குக் கண்ணீர்ப்புகை, கைது என்று முடிந்தது.

அந்த மாதக் கடைசியில், செப்டம்பர் 30 அன்று, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலானோர் அசாமிலிருந்து வந்தவர்கள். குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாயை முதல்வரும், 2 லட்சத்தைப் பிரதமரும் அறிவித்தார்கள்.